கெட்டிக்காரி என்று பெயர் எடுத்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை மகள் முன்னால் காலி மீன் டின் ஒன்றை வைத்து, இதை வைத்து என்னென்ன செய்யலாம், மனசில் வருவதையெல்லாம் சொல்லு என்றேன். நாலாம் வகுப்பு படிக்கிறாள். வருகிற வருடம் ஸ்கொலர்ஷிப், அதாவது ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை. டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பேனை போட்டு வைக்கலாம் என்றாள், பூச்செடி வைக்கலாம் என்றாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "அம்மா, இதுக்கு மொத்தம் எத்தனை விடை?" என்று கேட்டாள்.

பக்கத்தில் தம்பியின் மகன் உட்கார்ந்திருந்தான், ஏழு வயசு. அவனை யாரும் கேட்கவே இல்லை. அவன் பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டான்: அடியில ஓட்டை போட்டு குளிக்கலாம், ரெண்டு டின்னுக்கு நூல் கட்டி போன் பேசலாம், அட்டையைப் புடிச்சு உள்ள போட்டு வளக்கலாம் (மழை நாளில் காலில் ஏறுகிற அட்டையைத்தான் சொல்கிறான்), கல்லைப் போட்டு வேலியில கட்டுனா பன்றி வரும்போது சத்தம் கேக்கும், தாத்தா வெத்தல துப்பலாம், நாய்க்குத் தொப்பி... நான் சிரித்து முடிப்பதற்குள் பத்தைத் தாண்டிவிட்டான்.

இது நான் கண்டுபிடித்த விளையாட்டு இல்லை. ஜே. பி. கில்ஃபோர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் செங்கல்லை வைத்துக் கேட்ட கேள்விதான். எங்கள் வீட்டில் செங்கல் இல்லை, மீன் டின் இருந்தது. ஒரே சரியான விடையைத் தேடிப் போகிற யோசனை வேறு, ஒரு இடத்தில் தொடங்கிப் பல பக்கமும் விரிகிற யோசனை வேறு, ஐ.கியூ. சோதனைகள் பெரும்பாலும் முதலாவதைத்தான் அளக்கின்றன என்பது அவர் வாதம். அவருக்குப் பின்னால் வந்த போல் டோரன்ஸ் 1966இல் இந்த மாதிரிக் கேள்விகளை ஒரு முழுச் சோதனையாகவே ஆக்கினார். அவர் பிள்ளைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தபோது, நாலாம் வகுப்பு வாக்கில், அதாவது ஒன்பது பத்து வயசில், நிறையப் பேருடைய புள்ளி சட்டென்று இறங்குவதைக் கண்டார். நாலாம் வகுப்புச் சரிவு என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. எல்லா நாட்டிலும் ஒரே வயசில், ஒரே மாதிரி இறங்குவதில்லை என்பதும் உண்மை. இருந்தாலும் நம் ஊரில் அதே ஒன்பது பத்து வயசில் பிள்ளைகளை நாம் என்ன செய்கிறோம் என்று நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இலங்கைக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காக: ஐந்தாம் தரத்தில் எங்களுக்கு ஒரு பரீட்சை உண்டு, புலமைப்பரிசில். வருடத்துக்கு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிறார்கள். இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி, மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிக்கு மொழி வெட்டுப்புள்ளி மாறும். வெட்டுப்புள்ளிக்கு மேலே போனால் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கேட்கலாம், வீட்டில் வருமானம் குறைவென்றால் மாதாந்த உதவிப்பணம் கிடைக்கும். 1940களில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா இலவசக் கல்வியையும் மத்திய கல்லூரிகளையும் கொண்டுவந்த காலத்தில், கிராமத்து ஏழைப் பிள்ளை மேலே ஏற ஒரு ஏணி வேண்டும் என்று போட்ட ஏற்பாடு. நல்ல ஏணி. எங்கள் லயத்துப் பக்கம் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம்) அது சாய்வதற்குத்தான் நேரம் எடுத்தது, ஏனென்றால் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்ததே 1970களில்தான்.

அந்த ஏணியில் ஏறியவள் நான். மலையகத்தில் தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பும் நடக்கிற பள்ளிக்கூடம், நடுவில் தட்டி கூடக் கிடையாது, மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் ஐந்தாம் வகுப்பும் சேர்ந்து சொல்லும். 1994இல் பரீட்சை எழுதினேன். அந்த வருடம் நடந்ததில் இன்னும் மறக்காத ஒன்று கட்டுரைக் கொப்பி.

'எனது வீடு' என்று தலைப்பு. நான் எழுதினேன்: எங்கள் வீடு லயத்தில் ஏழாவது காம்பரா. மழை பெய்தால் தகரத்தில் சத்தம் பெரிதாகக் கேட்கும், அப்போது அம்மா ஏசுவது கேட்காது, அதனால் எனக்கு மழை பிடிக்கும். வாத்தியார் வாசித்தார், சிரித்தார் என்றுதான் ஞாபகம். அப்புறம் சிவப்புப் பேனையால் மூலைக்கு மூலை ஒரு கோடு. இப்படி எழுதினால் புள்ளி விழாது என்று சொல்லி, கரும்பலகையில் இருந்த மாதிரிக் கட்டுரையைப் பார்த்து எழுதச் சொன்னார். எனது வீட்டின் முன்னே அழகிய பூந்தோட்டம் உண்டு. அதில் வண்ண வண்ண மலர்கள் பூத்துக் குலுங்கும். வீட்டில் மூன்று படுக்கை அறைகள் உள்ளன. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் ஆறு பேர் படுத்து எழும்பிய நான் அந்த மூன்று படுக்கை அறைகளையும் பாடமாக்கினேன். வகுப்பில் எல்லாருடைய வீட்டிலும் அதே மூன்று அறை, அதே மலர்கள். வாத்தியார் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் சொன்ன கணக்கு சரியாகத்தான் இருந்தது. நான் பாஸ். எங்கள் தோட்டத்தில் அந்த வருடம் ஒரே ஆள்.

அப்புறம் கேட்கவேண்டுமா. அதிபர் மாலை போட்டார். தோட்டத்தை நடத்துகிற துரை பங்களாவுக்குக் கூப்பிட்டுப் பேனை கொடுத்தார். கொழுந்து நிறுக்கிற இடத்தில் அம்மாவிடம் ஆட்கள் மகளைப் பற்றி விசாரித்தார்கள். ஐந்தாம் வகுப்பு முடிகிறபோது எனக்குக் கெட்டிக்காரி என்று ஒரு பட்டம் வந்துவிட்டது, அதைத் தூக்கிக்கொண்டு டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்களே, நான் அந்த இலுப்பைப் பூ. டவுனில் ஆலையே இருந்தது. வகுப்பில் இருந்த 42 பேரும் அவரவர் ஊரில் முதலாம் பிள்ளை. முதல் தவணையில் நான் 28ஆவது. இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஹெர்பர்ட் மார்ஷ் என்பவர் 1984இல் எழுதியது, சின்னக் குளத்தில் பெரிய மீனாக இருந்த பிள்ளையைப் பெரிய மீன்கள் நடுவில் விட்டால், அறிவு அப்படியே இருந்தாலும் தன்னைப் பற்றிய மதிப்பு இறங்கிவிடுகிறது என்று. எனக்கு அது ஒரு தவணையிலேயே விளங்கியது.

நான் செய்த வேலை: விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது ஐந்தாவதாக வந்தேன் என்று சொன்னேன். அம்மா முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்து மட்டும் போடுவார், வாசிக்கமாட்டார். இந்தப் பொய்யை முப்பது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை, அண்மையில் கிளோடியா மூலர், கரோல் டுவெக் என்ற இருவர் 1998இல் செய்த ஆய்வைப் பற்றி வாசித்தபோதுதான் இது எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை என்று தெரிந்தது. அவர்கள் எடுத்ததும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைத்தான். லேசான புதிர்களைக் கொடுத்து, சிலரிடம் நீ கெட்டிக்காரப் பிள்ளை என்றும், சிலரிடம் நீ நன்றாகப் பாடுபட்டிருக்கிறாய் என்றும் சொன்னார்கள். கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் அடுத்தமுறை லேசான புதிரைத்தான் கேட்டார்கள், கஷ்டமானது வந்து ஒருமுறை விழுந்ததும் பிறகு லேசானதிலும் தடுமாறினார்கள், புள்ளியை வேறொரு பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது கிட்டத்தட்ட 10க்கு 4 பேர் கூட்டி எழுதினார்கள். ஒரே ஒரு வசனம் சொன்னதற்கே அப்படி. எனக்கு மாலை போட்டார்கள், பேனை வேறு கொடுத்தார்கள்.

இதன் நீண்டகால விளைவு என்ன என்று கேட்டால் ஆய்வுக்கு அப்பால் என்னையே காட்டலாம். எனக்கு அலுவலகத்தில் கோப்பு பார்க்கிற வேலை, நன்றாகவே பார்க்கிறேன். ஆனால் முன்னால் நடந்திராத மாதிரி ஒரு விசயம் மேசைக்கு வந்தால் கை தானாகப் பழைய கோப்பைத் தேடும். இதற்கு முன்னால் யாராவது எழுதியிருக்கிறார்களா, அதைப் பார்த்து எழுதலாமா. இந்தப் பதிவை எழுதவே மூன்று வருடமாக நினைத்து நினைத்து விட்டுவிட்டேன், தப்பாக எழுதிவிடுவேனோ என்று. வலைப்பதிவில் தப்பாக எழுதினால் என்ன, யார் புள்ளி போடப்போகிறார்கள்?

இனி தம்பி. என்னைவிட மூன்று வயசு இளையவன். ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிச் சில்லு செய்வான், மீன் டின் தகட்டை வெட்டி இறக்கை மாதிரி வளைத்து, குடைக் கம்பியில் கோர்த்து, பீலிக்குக் கீழே வைத்துச் சுற்ற விடுவான். தண்ணீர் எடுக்க வருகிற பெண்கள் ஏசுவார்கள், அவன் கேட்கமாட்டான். அவன் ஸ்கொலர்ஷிப் வருடம் நான் டவுனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தேன், வீட்டில் எனக்குத்தான் படிப்பு அதிகாரம். படிக்காமல் இதென்ன வேலை என்று அந்தச் சக்கரத்தைப் பிடுங்கி, காலால் மிதித்து, ஓடைக்குள் எறிந்தேன். தகடு கையைக் கிழித்துவிட்டது, இடது பெருவிரல் பக்கம் இன்னும் கோடு இருக்கிறது. அவன் அழவில்லை. எட்டுப் புள்ளியில் தவறினான். அந்த எட்டுப் புள்ளியை லயத்தில் இன்றைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

லூயிஸ் டெர்மன் என்று ஸ்டான்ஃபோர்டில் ஒரு பேராசிரியர். 1921இல் தொடங்கி கலிஃபோர்னியாவில் ஐ.கியூ. கூடின பிள்ளைகள் 1,500 பேருக்கு மேல் சலித்தெடுத்து, அவர்கள் கிழவர்களாகும் வரைக்கும் ஆய்வு தொடர்ந்தது. நல்ல வேலை, நல்ல சம்பளம், பேராசிரியர்கள், வக்கீல்கள், எல்லாம் வந்தார்கள். நோபல் பரிசு ஒருவருக்கும் வரவில்லை. அதே டெர்மன் சோதனையில் புள்ளி போதாது என்று விடப்பட்ட பிள்ளைகளில் இருவர் வில்லியம் ஷொக்லியும் லூயிஸ் அல்வாரெஸும். ஒருவருக்கு 1956இல், மற்றவருக்கு 1968இல், பௌதிகவியலுக்கு நோபல். எட்டுப் புள்ளிக்காரர்கள்! (ஷொக்லி பிறகு இனவாதம் பேசித் திரிந்தார், அது வேறு கதை.)

ஆனால் இதை வைத்து, பாருங்கள், கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வைத்தால் கற்பனை செத்துவிடும் என்று எழுதத்தான் நான் முதலில் உட்கார்ந்தேன். அப்படி எழுத முடியவில்லை. ஜூலியன் ஸ்டான்லி 1971இல் அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஒரு ஆய்வு இன்னும் நடக்கிறது, கணக்கில் மற்றவர்களை மிஞ்சின பிள்ளைகளைப் பதின்மூன்று வயசு வாக்கில் கண்டுபிடித்து, ஆயிரக்கணக்கான பேரைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்கிறார்கள். அதில் தெரிவது எனக்குச் சாதகமாக இல்லை. அந்த வயசில் வேகத்துக்கு ஏற்ற கனமான படிப்பும் வேலையும் கூடுதலாகக் கிடைத்தவர்கள்தான் பிற்காலத்தில் கண்டுபிடிப்புக்கான காப்புரிமையும் ஆய்வுக் கட்டுரையும் கூடுதலாகச் செய்திருக்கிறார்கள். ஆக, வகுப்பு வைப்பது கெடுதல் இல்லை. அதே ஆய்விலிருந்து 2013இல் வந்த இன்னொன்று என் பெருவிரல் தழும்பைத் தடவ வைத்தது. சொல்லிலும் எண்ணிலும் புள்ளி பார்ப்பது மட்டும் போதாது, ஒரு பொருளை மனசுக்குள் திருப்பிப் பார்க்கிற, பிரித்துக் கோர்க்கிற திறனும் முப்பது வருடத்துக்குப் பிறகு யார் புதிதாக எதையாவது செய்வார் என்பதைச் சொல்கிறதாம், ஆனால் சலித்தெடுக்கிற பரீட்சைகள் அதைப் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. குடைக் கம்பியில் தகட்டைக் கோர்க்கிறவனுக்கு எந்த வினாத்தாளில் புள்ளி?

எங்கள் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில், ஸ்டோர் என்போம், சலிக்கிற பக்கம் வேலை செய்தார். தூளைச் சலித்து பி.ஓ.பி., டஸ்ட் என்று பிரிப்பார்களே, பலபேர் அது தரம் என்று நினைக்கிறார்கள், சல்லடைக் கண்ணறையில் பிரிவது தூளின் பருமன்தான். ருசி எப்படி என்று பார்க்க ஆள் வேறு, அவர் கோப்பையில் ஊற்றி, வாயில் வைத்து உறிஞ்சித் துப்பிப் பார்த்துச் சொல்லவேண்டும். ஸ்கொலர்ஷிப்பும் கண்ணறைதான். அதைவிட எனக்கு விளங்காதது, சலித்தெடுத்த பிறகு எங்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்பது. வெளிநாட்டில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான கல்வி என்றால், தெரிந்தெடுத்த பிறகு வேறு மாதிரிப் பாடம், வேறு மாதிரி வேலை இருக்கும். இங்கே அதே பாடப் புத்தகம், அதே நோட்ஸ், கட்டடம் மட்டும் பெரிசு. ஆறாம் வகுப்பில் எங்களை யாரும் ஒரு கேள்வி கேட்கச் சொன்னதில்லை. சிங்கப்பூர் 1984இலிருந்து மூன்றாம் வகுப்பில் பரீட்சை வைத்து நூற்றுக்கு ஒரு பிள்ளை அளவில் பிரித்தெடுத்து உண்மையாகவே வேறு பாடம் நடத்தியது, அவர்களே 2024இல் அந்த ஏற்பாட்டை அப்போதிருந்த வடிவில் நிறுத்தப்போவதாகவும், எல்லா ஆரம்பப் பாடசாலைகளிலும் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ஏதாவது இருக்கும்படி மாற்றப்போவதாகவும் அறிவித்தார்கள்.

பரீட்சையை எடுத்துவிடுங்கள் என்று கொழும்பில் இருந்து சொல்கிறவர்களோடு மட்டும் நான் சேரமாட்டேன். அவர்கள் பிள்ளைக்கு அது ஒரு தலையிடி, எங்கள் பிள்ளைக்கு அது விடுதி, அந்த உதவிப்பணம், லயத்தை விட்டு வெளியே வருகிற பஸ். ஸ்கொலர்ஷிப் இல்லையென்றால் நான் இன்றைக்கு மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பேன், அதில் கேவலம் ஒன்றும் இல்லை, அம்மா எடுத்த கொழுந்தில்தான் சாப்பிட்டோம், ஆனால் அது என் விருப்பமாக இருந்திருக்காது. உதவிப்பணத்துக்குப் பிள்ளை தேடுவதும் பெரிய பள்ளிக்கூடத்துக்கு ஆள் பிடிப்பதும் ஒரே பரீட்சையில் ஏன் தொங்கவேண்டும் என்று கேட்கலாம். அதற்கு யாரும் பதில் சொல்வதாகத் தெரியவில்லை.

தம்பியைக் கதாநாயகன் ஆக்கவும் நான் வரவில்லை. ஓ.எல். (பதினோராம் வகுப்புப் பரீட்சை) முடித்து கராஜில் சேர்ந்தான், சொந்தமாக ஒன்று போட்டான், கடனாகி மூடினான், இப்போது மறுபடி வெல்டிங் வேலை. ஆனால் மரக்கறித் தோட்டத்துக் காவல் குடிசைக்கு, ஓடையில் ஒரு சக்கரத்தை வைத்து, பழைய வேன் ஒன்றின் ஓல்டனேட்டரை (சுற்றினால் மின்சாரம் தருவது) பூட்டி, மூன்று பல்ப் எரிய விட்டிருக்கிறான். மழைக் காலத்தில்தான் எரியும், இலை அடைத்தால் நின்றுவிடும், அவன் பாதி ராத்திரியில் டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய்க் குச்சியால் குத்திவிட்டு வருவான். முதல்முறை எரிந்தபோது என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். "அக்கா, இதையும் மிதிச்சிராத" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

மகளுக்கு 170 எடுத்தால் சைக்கிள் வாங்கித் தருவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் பாலர் பாடசாலைப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தது இது: வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த பிள்ளைகள், ஒன்றிரண்டு வாரம் கழித்து, சும்மா இருக்கிற நேரத்தில் கலர்ப் பேனையைத் தொடுவதே குறைந்துபோனது. சொல்லாமல் கொடுத்தவர்களுக்கும், கொடுக்காதவர்களுக்கும் அப்படி ஆகவில்லை. இதை வாசித்த அன்றைக்கே, சைக்கிள் எப்படியும் வாங்குவோம், புள்ளிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று அவளிடம் சொன்னேன். "அப்ப எத்தனை எடுத்தா சரி?" என்றாள். டியூசனை நிறுத்தவில்லை. நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை. டியூசன் வாத்தியார் குழுவில் போட்டுவிட்டார், சனிக்கிழமை காலை 6.30க்கு மேலதிக வகுப்பு, செயலட்டை கட்டாயம்.

நேற்று இரவு குளியலறையில் டொக் டொக்கென்று சத்தம். போய்ப் பார்த்தால் அந்த மீன் டின்னைக் கொம்பாசு ஊசியால் குத்திக் கம்பியில் தொங்கவிட்டு, கோப்பையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள், சட்டை முழுக்க நனைந்து, தண்ணீர் ஒரு பக்கமாக மட்டும் வழிகிறது.

"இது அவன் சொன்னதுதானே" என்றேன்.

"ஆமா. ஆனா எத்தனை ஓட்டைன்னு அவன் சொல்லல" என்றாள். "நடுவுல குத்துனா நேரா போகுது, ஓரத்துல குத்துனா சுவத்துல படுது. மாமாகிட்ட கேக்கணும். நாளைக்கிப் போகவா?"

மறுநாள் சனிக்கிழமை. வகுப்பு முடிந்து போகலாம் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடி குத்த ஆரம்பித்தாள், நான் ஊசியை வாங்கவில்லை, மணி பத்தாகிவிட்டது.